வீட்டுத் தொட்டியில் ஏஞ்சல் மீன் வளர்ப்பு

நெல் விதைத்த கமக்காரருக்கு அறுவடை வரையும், கத்தரியும் மிளகாயும் நட்டவருக்கு முதற் பறிப்பு வரையும் கையிற் பணம் வருவதற்கு வழியில்லை. இவ்விடைக் காலத்திற் சிறு வருவாய் தரக்கூடிய வீட்டுத் தொழில்களுள் அழகு மீன் வளர்ப்பும் ஒன்றாகும். இதற்குப் பெருநிலம் வேண்டியதில்லை. வீட்டுத் திண்ணையில் ஓரிரு கண்ணாடித் தொட்டிகளும், கிணற்றடிக்கு அண்மையில் ஒரு சீமெந்துத் தொட்டியும் தொடக்கத்துக்குப் போதுமானவை. நாள்தோறும் காலையும் மாலையும் சிறிது நேரம் கவனித்தால் வயல் வேலைக்கு இடையூறு உண்டாகாது.

எனினும், இத்தொழிலைத் தொடங்கிச் சில மாதங்களுள் கைவிட்டோர் பலருளர். வாங்கிய மீன்கள் ஒருவாரத்துள் இறந்தன என்பதே அவர்கள் கூறும் குறை. இவ்வாறான இறப்புக்குப் பெரும்பாலும் நோய் காரணமன்று, நீரே காரணமாகும். மண்ணைப் பண்படுத்தாது விதைத்தவன் விளைவை எதிர்பார்த்தல் எவ்வாறோ, நீரைப் பண்படுத்தாது மீன் விட்டவன் குஞ்சை எதிர்பார்த்தலும் அவ்வாறே. மீன் வளர்ப்பென்பது முதலில் நீர் வளர்ப்பு என்பதை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பெயர் ஒன்று, மீன் இரண்டு

ஏஞ்சல் என்னும் பெயரால் இருவகை மீன்கள் கடைகளில் விற்கப்படுகின்றன. ஒன்று கடலில் வாழ்வது. மற்றது நன்னீரில் வாழ்வது. இவற்றின் வேறுபாட்டை அறியாது பணம் செலவிடுதல் ஆகாது.

கடல் ஏஞ்சல் மீன்களுட் பேரழகு வாய்ந்த ஒன்று பேரரச ஏஞ்சல் எனப்படும். இது இலங்கையைச் சூழ்ந்த பவளப் பாறைகளிலும் காணப்படும். இளம் மீனின் உடல் கருநீலமாகவும், அதன்மேல் வெண்ணிற வளையங்கள் ஒன்றினுள் ஒன்றாகவும் அமைந்திருக்கும். வளர்ந்த பின்னர் வளையங்கள் மறைந்து, நீல உடலில் மஞ்சட் கோடுகள் தோன்றும். இளமையும் முதுமையும் வெவ்வேறு மீன்களெனப் பலர் எண்ணுவதுண்டு. கடையிற் கையளவாக இருக்கும் இம்மீன் ஏறத்தாழ 40 சதமீற்றர் நீளம் வரை வளரக்கூடியது. அவ்வளவு பெரிய மீனுக்கு 800 லீற்றருக்கு மேற்பட்ட கடல்நீர்த் தொட்டி வேண்டும். ஒவ்வொரு லீற்றரிலும் ஏறத்தாழ 35 கிராம் உப்பு மாறாதிருத்தல் வேண்டும். இயற்கையில் இதன் உணவின் பெரும்பகுதி கடற்பஞ்சுகளாகும். அன்றியும், இது திறந்த கடலில் மாலை வேளையில் முட்டைகளை நீரில் மிதக்கவிடும் இயல்புடையது. ஆதலால் வீட்டுத் தொட்டியில் இதனிடமிருந்து குஞ்சு பெறுதல் இயலாது. பெருஞ்செலவு செய்து அழகு பார்க்க விரும்புவோருக்கு இது தகும். வருவாய் நாடும் கமக்காரருக்குத் தகாது.

நன்னீர் ஏஞ்சல் மீனோ தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பிரதேசத்துக்கு உரியது. தட்டையான உடலும், மேலும் கீழும் நீண்ட செட்டைகளும் உடைமையால் நீரிற் பட்டம் பறப்பது போலத் தோன்றும். செட்டைகள் நீங்கலாக உடல் ஏறத்தாழ 15 சதமீற்றர் வரை வளரும். நம் நாட்டுத் தாழ்நிலங்களின் வெப்பம் இதற்கு ஏற்றதாகும். இது தொட்டியிலேயே சோடி சேர்ந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரிக்கும். ஆகவே இத்துண்டுப் பிரசுரத்தில் இனிக் கூறப்படுவன யாவும் நன்னீர் ஏஞ்சல் மீனுக்கே உரியன.

தொட்டி அமைத்தல்

ஒரு சோடிக்கு 24 அங்குல நீளமும், 18 அங்குல அகலமும், 18 அங்குல உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஏற்றது. செட்டைகள் நீண்டவையாதலின் உயரம் குறைந்த தொட்டி உதவாது. இதில் 15 அங்குல உயரத்துக்கு நீர் நிரப்பினால் ஏறத்தாழ 106 லீற்றர் கொள்ளும். அந்நீரின் நிறை மாத்திரம் 106 கிலோகிராம் ஆகும். ஆதலால் தொட்டியை வைக்கும் மேசை உறுதியானதாயும் மட்டமானதாயும் இருத்தல் வேண்டும். நேர் வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைத்தால் நீர் பச்சையாகும். அடுப்புப் புகை சேரும் இடமும் ஆகாது. நுவரெலியா போன்ற குளிர்ப் பிரதேசங்களில் நீரைச் சூடாக்கும் கருவி இன்றி இம்மீனை வளர்த்தல் கூடாது. நீரின் வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கும் 30 பாகைக்கும் இடையில் இருப்பது நன்று.

குஞ்சுகளை வளர்த்தெடுக்கச் சீமெந்துத் தொட்டி மலிவானது. 6 அடி நீளம், 3 அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்ட தொட்டியில் 15 அங்குல உயரத்துக்கு நீர் விட்டால் ஏறத்தாழ 640 லீற்றர் நிற்கும். புதிய சீமெந்திலிருந்து சுண்ணாம்புத் தன்மை நீரிற் கலக்குமாதலால் கட்டிய உடனே மீன் விடுதல் கேடாகும். தொட்டியை நீரால் நிரப்பி, வெட்டிய வாழைத்தண்டை அதிலிட்டு, ஒருவாரம் ஊறவிட்டு நீரை வெளியேற்றல் வேண்டும். இவ்வாறு மும்முறை செய்து, ஈற்றில் தேய்த்துக் கழுவிய பின்னர், விலை குறைந்த சில கப்பி மீன்களை முதலில் விட்டுப் பார்த்தல் நன்று. அவை ஒருவாரம் நலமாக இருந்தால் தொட்டி பக்குவமடைந்தது எனக் கொள்ளலாம்.

தொட்டிகளை வலையால் மூடுதல் வேண்டும். மீன்கொத்தி, கொக்கு, பூனை, நீர்ப்பாம்பு ஆகியன மீனைக் கண்டால் நாள்தோறும் வரும். மீனில்லாத வெறுந் தொட்டிகளில் நீர் தேங்கி நிற்க விடலாகாது. அவற்றில் நுளம்பு பெருகி டெங்கு பரவும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அது குற்றமுமாகும்.

நீரைப் பண்படுத்தல்

கிணற்று நீராயினும் குழாய் நீராயினும் எடுத்த உடனே மீன் தொட்டியில் ஊற்றுதல் தவறு. குழாய் நீரில் குளோரீன் உண்டு. வெள்ளம் வடிந்த பின்னர்க் கிணறுகளுக்கும் குளோரீன் இடப்படுகின்றது. சில கிணறுகளின் நீரில் ஒட்சிசன் மிகக் குறைவாக இருக்கும். இவ்விரு குறைகளையும் நீக்க, வாயகன்ற பாத்திரத்தில் நீரை ஒரு முழுநாளேனும் திறந்து வைத்தல் வேண்டும். புதுநீர் எதுவாயினும் ஒருநாள் ஆறிய பின்னரே தொட்டிக்குச் செல்லவேண்டும் என்பதை வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்திருத்தல் நன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டைப் போன்ற சுண்ணக்கற் பிரதேசங்களிற் கிணற்று நீர் வன்மையானது. ஏஞ்சல் மீன் அந்நீரில் உயிர் வாழுமாயினும் முட்டைகள் பொரிப்பது குறையும். மழைநீரைச் சேமித்து, கிணற்று நீருடன் சரிபாதி கலந்து பயன்படுத்தினால் இக்குறை தணியும். மழையின் முதல் நீரை விடுத்து, கூரை கழுவப்பட்ட பின்னர் வரும் நீரையே சேர்த்தல் வேண்டும். அதிற் பீடைநாசினித் தூவல் படியாத கூரையாக இருத்தலும் அவசியம்.

இனி, நீரைப் பண்படுத்தலின் முதன்மையான பகுதியைக் கவனிப்போம். கமக்காரர் மேட்டுநிலப் பயிருக்கு இடும் யூரியா மண்ணில் அமோனியாவாக மாறும். பின்னர் மண்ணில் வாழும் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், ஈற்றில் நைத்திரேற்றாகவும் மாற்றும். மீன் தொட்டியிலும் இதுவே நிகழ்கின்றது. மீன் தன் செவுள்கள் வழியாக அமோனியாவை வெளிவிடுகின்றது. உண்ணாது எஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகின்றது. மண்ணிற் பயிருக்கு உணவாவதற்கு முதற்படியாகும் அப்பொருள் நீரில் மீனுக்கு நஞ்சாகும். நைத்திரைற்றும் நஞ்சே. நைத்திரேற்று மாத்திரம் ஓரளவு தீங்கற்றது.

இம்மாற்றத்தைச் செய்யும் பற்றீரியாக்கள் புதுத் தொட்டியில் இல்லை. அவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் செல்லும். புதிய தொட்டியில் நிறைய மீன்களை விட்டவருக்கு இரண்டாம் வாரத்திற் பேரிழப்பு நேர்வது இதனாலேயே. ஆதலின், முதலிற் காற்றுப் பம்பியுடன் பஞ்சு வடிகட்டியை இயக்கி, நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை நீரிலிட்டு வருதல் வேண்டும். முன்னரே மீன் வளர்ப்பவரின் நலமுள்ள தொட்டியிலிருந்து பழைய பஞ்சு ஒன்றைப் பெற்று இட்டால், தயிருக்கு உறை இட்டது போலப் பற்றீரியாக்கள் விரைவிற் பெருகும். அழகு மீன் கடைகளிற் கிடைக்கும் சோதனைக் கரைசலால் நீரைப் பார்த்து, அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லாதொழிந்து நைத்திரேற்று தோன்றிய பின்னரே மீனை விடுதல் முறையாகும். காரத்தன்மை மிக்க நீரில் அமோனியாவின் நஞ்சு பன்மடங்கு கடுமையாகும். பீஎச் பெறுமானம் 7 இலிருந்து 8 ஆக உயர்ந்தால் நச்சுப் பங்கு ஏறத்தாழப் பத்து மடங்காகும். சுண்ணக்கற் பிரதேசத்தார் இதனைச் சிறப்பாகக் கவனிப்பாராக.

நீர் நிறைந்த வயற்சேற்றில் ஒட்சிசன் இன்மையால் இப்பற்றீரியாக்கள் வேலை செய்வதில்லை என்பதை நெற்செய்கையாளர் அறிவர். காற்றோட்டம் நின்ற வடிகட்டியும் அவ்வயற்சேற்றைப் போன்றதே. மின்சாரம் தடைப்பட்டால் மீனுக்கு உணவிடுதலை நிறுத்தி, தொட்டி நீரைச் சிறு பாத்திரத்தால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றிவருதல் வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரிற் கழுவினால் குளோரீனாற் பற்றீரியாக்கள் மடியும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதனை மெல்லப் பிழிந்து கழுவுதல் வேண்டும்.

வாரந்தோறும் தொட்டி நீரில் நாலிலொரு பங்கை அடியிலுள்ள கசடுடன் வெளியேற்றி, ஆறிய புதுநீரை விடுதல் போதுமானது. நீரைத் தெளிவாக்கும் ஆவலால் முழுவதையும் ஒரே முறையில் மாற்றுதல் மீனுக்கு அதிர்ச்சி தரும்.

மீன் தேர்தலும் உணவும்

வளர்ந்த சோடியை வாங்குவது செலவு மிக்கது. உடல் ஓர் அங்குலமுள்ள ஆறு முதல் எட்டு இளம் மீன்களை வாங்கி ஒரே தொட்டியில் வளர்ப்பதே சிறந்தது. இயன்றவரை வெவ்வேறு இடங்களிலிருந்து வாங்குதல் வேண்டும்; ஒரே தாய் வயிற்றுக் குஞ்சுகளைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்தால் உருக்குறைந்த குஞ்சுகள் மிகும். செட்டைகள் நிமிர்ந்தும், கண்கள் தெளிந்தும், உணவு கண்டவுடன் விரைந்து வருவனவாயும் உள்ள மீன்களையே தேர்தல் வேண்டும். கடையிலிருந்து கொணர்ந்த பையை மூடியபடியே தொட்டி நீரிற் கால்மணி நேரம் மிதக்கவிட்டு, பின்னர்ச் சிறிது சிறிதாகத் தொட்டி நீரைப் பையினுட் சேர்த்து, ஈற்றில் மீனை மாத்திரம் கைவலையால் எடுத்து விடுதல் வேண்டும். பையிலுள்ள நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது.

உணவு காலையும் மாலையும் இடப்படுதல் வேண்டும். மூன்று நிமிடத்துள் உண்டு முடிக்கக்கூடிய அளவே போதும். உலர் உணவுடன், நன்றாகக் கழுவி நறுக்கிய மண்புழுவையும், மொய்னா எனப்படும் நீர்த்தெள்ளையும் இடையிடையே கொடுத்தால் மீன்கள் விரைவில் முதிரும். மீனுக்கு உணவாகுமென்று நுளம்புக் குடம்பிகளைத் திறந்த பாத்திரங்களில் வளர்த்தல் எக்காரணத்தாலும் ஆகாது.

சோடி சேர்தலும் முட்டையிடலும்

எட்டு முதல் பத்து மாதங்களில் மீன்கள் பருவமடையும். புறத்தோற்றத்தால் ஆண் பெண் அறிதல் கடினம். அவை தாமாகவே சோடி சேர்வதைக் கவனித்தலே முறை. இரு மீன்கள் தொட்டியின் ஒரு மூலையைத் தமதாக்கிக்கொண்டு ஏனையவற்றைத் துரத்தத் தொடங்கினால் சோடி அமைந்ததென அறியலாம். உடனே அச்சோடியைத் தனித் தொட்டிக்கு மாற்றுதல் வேண்டும். முட்டையிடும் வேளையிற் பெண்ணின் முட்டைக்குழாய் பருத்து மழுங்கியும், ஆணினது ஒடுங்கிக் கூர்மையாயும் தோன்றும்.

ஏஞ்சல் மீன் நிமிர்ந்த பரப்பிலேயே முட்டைகளை ஒட்டும். அகன்ற கற்பலகைத் துண்டு ஒன்றையோ, பீ.வீ.சீ. குழாய்த் துண்டு ஒன்றையோ சற்றுச் சாய்வாக நிறுத்தி வைத்தல் போதும். முட்டையிடுமுன் இரு மீன்களும் அப்பரப்பை வாயாற் சுத்தஞ் செய்யும். பெண் வரிசை வரிசையாக முட்டைகளை ஒட்ட, ஆண் பின்தொடர்ந்து கருக்கட்டும். ஒருமுறையிற் சில நூறு முட்டைகள் இடப்படலாம்.

முதன்முறை முட்டையிடும் சோடி அவற்றைத் தின்றுவிடுவது பெரும்பாலும் நிகழும். இதற்காகச் சோடியை வெறுத்து விற்றுவிடுதல் கூடாது. இரண்டு வாரத்தில் அவை மறுபடியும் முட்டையிடக்கூடும். ஆள்நடமாட்டமும், திடீரென்று ஏற்றும் விளக்கொளியும், அண்மையிலுள்ள வேறு மீன்களும் அவற்றைக் கலவரப்படுத்தும். தொட்டியின் மூன்று பக்கங்களையும் காகிதத்தால் மறைத்தல் நலந்தரும்.

விற்பனைக்கு வளர்ப்பவர், முட்டையிட்ட சில மணி நேரத்துள் அக்கற்பலகையை நீரைவிட்டு வெளியே நெடுநேரம் வையாது வேறொரு சிறு தொட்டிக்கு மாற்றலாம். அச்சிறு தொட்டியின் நீர் தாய்த் தொட்டி நீரினின்று எடுக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். முட்டைகளுக்கு அருகே மென்மையாகக் காற்று விடுதல் வேண்டும். நீர் இளநீல நிறமாகும் அளவுக்கு மெதிலீன் நீலம் இட்டால் பூஞ்சணம் பற்றாது. கருக்கட்டாத முட்டைகள் ஒருநாளில் வெண்மையாகும்.

குஞ்சுகளைப் பேணல்

28 பாகை செல்சியசில் இரண்டு முதல் இரண்டரை நாள்களில் முட்டைகள் பொரிக்கும். குஞ்சுகள் மேலும் நான்கைந்து நாள்கள் பலகையில் ஒட்டியவாறே வாலை அசைத்துக்கொண்டிருக்கும். அந்நாள்களில் அவற்றுக்கு உடலிலுள்ள மஞ்சட் கருவே உணவு. அப்போது வேறுணவு இட்டால் நீர் கெடும். அவை பலகையை விட்டு நீந்தத் தொடங்கிய அன்றே உணவிடத் தொடங்கல் வேண்டும். ஒருநாட் தாமதமும் பல குஞ்சுகளை இழப்பிக்கும்.

நீந்தும் குஞ்சுக்கு மிகச் சிறந்த உணவு புதிதாகப் பொரித்த ஆட்டீமியாக் குடம்பியாகும். ஒரு லீற்றர் நீரில் 25 முதல் 30 கிராம் உப்பைக் கரைத்து, ஆட்டீமியா முட்டைகளை இட்டு, விசையுடன் காற்று விட்டால் ஏறத்தாழ ஒருநாளிற் பொரிக்கும். அவற்றைத் துணியில் வடித்து, நன்னீரிற் கழுவி, நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை கொடுத்தல் வேண்டும். உண்ட குஞ்சின் வயிறு செம்மஞ்சள் நிறமாகத் தெரியும். முட்டை இட்ட நாளைக் குறித்து வைத்து, குஞ்சுகள் நீந்தும் நாளுக்கு முதல்நாளே ஆட்டீமியாவைப் பொரிக்க வைத்தல் அனுபவசாலிகளின் வழக்கம்.

இரண்டு மூன்று வாரங்களின் பின்னர் மொய்னாவும், நுண்ணிய பொடியுணவும் கொடுத்துப் பழக்கலாம். பின்னர்க் குஞ்சுகளைப் பண்பட்ட சீமெந்துத் தொட்டிக்கு மாற்றல் வேண்டும். மூன்று லீற்றர் நீருக்கு ஒரு குஞ்சு என்னும் கணக்கில் முன்னர்க் கூறிய 640 லீற்றர்த் தொட்டியில் ஏறத்தாழ 200 குஞ்சுகளை வளர்க்கலாம். நாற்றை நெருக்கி நட்டால் தூர் கட்டாதது போல, நெருக்கமாக விட்ட குஞ்சும் செட்டை நீளாது குறுகும். செவுள்மூடி குறைந்தனவும் செட்டை வளைந்தனவும் ஆகிய குஞ்சுகளை நீக்கிவிடுதல் வேண்டும்.

தெளிகருவியும் மீன் தொட்டியும்

பட்டினத்தில் மீன் வளர்ப்பவருக்கு இல்லாத ஓர் ஆபத்து கமக்காரருக்கு உண்டு. அது அவரது பீடைநாசினியாகும். சைப்பர்மெத்திரின், டெல்ராமெத்திரின் முதலிய பைரெத்திரொயிட்டு வகை நாசினிகள் மனிதருக்குக் குறைந்த நஞ்சாயினும் மீனுக்கு மிகக் கொடியன. மனித உடல் அவற்றை விரைவிற் சிதைத்து வெளியேற்றும்; மீனுக்கு அவ்வாற்றல் குறைவு. அன்றியும் மீனின் செவுள்கள் நீரிலுள்ள நாசினியை இடைவிடாது உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். காலையிற் கத்தரிக்கு மருந்து தெளித்தவர் சவர்க்காரமிட்டுக் கை கழுவாது மாலையில் தொட்டியினுட் கைவிட்டால், பல மாத உழைப்பு ஓர் இரவில் அழியக்கூடும். தக்காளிக்கும் முந்திரிகைக்கும் தெளிக்கும் செம்பு கலந்த பங்கசுநாசினிகளும் மீனுக்கு நஞ்சே. வீட்டில் ஏற்றும் நுளம்புச் சுருளிலும் விசிறும் நுளம்பு மருந்திலும் பைரெத்திரொயிட்டு வகைகள் உள்ளன என்பதையும் மறத்தலாகாது.

ஆதலின் கீழ்வரும் ஒழுங்குகளைத் தவறாது கைக்கொள்ளல் வேண்டும்:

1. மருந்து கலக்கும் வாளி வேறு, மீனுக்கு நீர் எடுக்கும் வாளி வேறாக இருத்தல் வேண்டும். மருந்து வாளிக்குச் செந்நிறப் பூச்சால் அடையாளமிடுக.

2. தெளிகருவியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ கழுவலாகாது.

3. மருந்து தெளித்த நாளில், குளித்து உடை மாற்றிய பின்னரே தொட்டியருகே செல்லுதல் வேண்டும். இயன்றால் அன்று வேறொருவர் மீனுக்கு உணவிடுக.

4. அயல் வளவில் தெளிக்கும்போது வெளித் தொட்டிகளைப் பொலித்தீனால் மூடுக. காற்றுப் பம்பி வெளியிலுள்ள காற்றை உறிஞ்சித் தொட்டியினுட் செலுத்துமாதலால் அதனை வீட்டினுள்ளேயே வைத்தல் வேண்டும்.

5. வயல் வாய்க்கால் நீரையும், மருந்து தெளித்த நிலத்து மண்புழுவையும் மீனுக்குப் பயன்படுத்தலாகாது.

மீன்கள் திடீரெனப் பாய்ந்தும், சுழன்றும், நீர்மட்டத்தில் வாய்பிளந்தும் காணப்பட்டால் நஞ்சு கலந்ததெனச் சந்தேகித்து, உடனே பாதி நீரை ஆறிய நீரால் மாற்றி, காற்றை மிகுவித்தல் வேண்டும். இதற்காக ஒரு பீப்பா ஆறிய நீர் எப்போதும் ஆயத்தமாக இருத்தல் நன்று.

இவ்வொழுங்குகளால் மீனுக்கு மாத்திரமன்றி வீட்டாருக்கும் நன்மை உண்டு. மீன் தொட்டிக்கு ஆகாத நீர் பிள்ளைகள் பருகும் கிணற்றுக்கும் ஆகாததே.

நோய்

உடலில் உப்புக்கல் தூவியது போன்ற வெண்புள்ளிகள் தோன்றினால் அது வெண்புள்ளி நோயாகும். நீரின் வெப்பத்தைச் சிறிது சிறிதாக 30 பாகைக்கு உயர்த்தி, லீற்றருக்கு 2 கிராம் வீதம் கறியுப்பைக் கரைத்து இட்டு, இரண்டு வாரம் வைத்திருத்தல் பயன்தரும். வெப்பம் மிகும்போது நீரில் ஒட்சிசன் குறையுமாதலால் காற்றையும் மிகுவித்தல் வேண்டும். செட்டைகள் அரிக்கப்படுதல் பெரும்பாலும் அழுக்கு நீரின் விளைவாகும். மருந்து தேடுமுன் நீரை மாற்றுக. புதிதாக வாங்கிய மீன்களை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பின்னரே பழைய மீன்களுடன் சேர்த்தல் வேண்டும். நோய்த் தொட்டிக்கு உபயோகித்த கைவலையை ஏனைய தொட்டிகளுக்குப் பயன்படுத்தலாகாது.

கழிவுநீரின் பயன்

வாரந்தோறும் வெளியேற்றும் நீரில் நைத்திரேற்றும் கசடும் உண்டு. அதனைக் கீரைப் பாத்திக்கோ, கத்தரி, வெண்டி முதலியவற்றின் அடியிலோ ஊற்றலாம். அது பசளைக்கு முழுமையான ஈடாகாதெனினும் வீணாக்கத் தக்கதன்று. உப்போ மருந்தோ இட்ட நீரைப் பயிருக்கு ஊற்றலாகாது.

வேண்டாத மீன்களைக் குளத்திலோ ஆற்றிலோ விடுதல் பெருந் தவறாகும். தொட்டிப் பாசியைத் தின்னுமென்று கொண்டுவரப்பட்ட தென்னமெரிக்கக் கவசப் பூனைமீனும், அழகுக்காக வளர்த்த கத்தி மீனும் இவ்வாறு வெளியேறி இன்று நம் நீர்நிலைகளிற் பெருகியுள்ளன. ஒருமுறை பரவிய பின்னர் அவற்றை ஒழித்தல் அரிது.

விற்பனை

இரண்டு முதல் மூன்று மாதங்களில் குஞ்சுகள் விற்பனைக்கு ஏற்ற அளவை அடையும். விளைந்த பின்னர்ச் சந்தை தேடுதல் மரக்கறிக்கு எவ்வாறு இழப்போ, மீனுக்கும் அவ்வாறே. முதலில் அயலூர்க் கடைக்காரரையும் சேகரிப்போரையும் கண்டு, அவர்கள் விரும்பும் நிறத்தையும் அளவையும் கேட்டறிந்து தொடங்குதல் வேண்டும். அழகு மீன் வளர்ப்போருக்குப் பயிற்சியும் ஆலோசனையும் வழங்கும் பொறுப்பு, 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்டு நக்டா என வழங்கும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைக்கு உரியது. அதன் விரிவாக்க அலுவலரைக் கண்டு ஆலோசித்தல் பயனுடைத்து.

தொட்டி, பம்பி, மின்சாரம், உணவு ஆகியவற்றின் செலவையும், இறந்த மீன்களின் தொகையையும், விற்ற மீன்களின் விலையையும் ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருதல் அவசியம். முதலாண்டில் ஒரு சோடிக்கு மேற் பெருக்க வேண்டாம். ஒரு சோடியின் குஞ்சுகளை இருமுறை தொடர்ச்சியாக இழப்பின்றி வளர்த்தெடுத்தவரே இரண்டாம் சோடியை வைக்கத் தகுதியுடையவர்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

* கடல் ஏஞ்சல் மீன் வருவாய்க்கு உரியதன்று. நன்னீர் ஏஞ்சல் மீனையே தேர்க.
* புதுத் தொட்டியை நான்கு முதல் ஆறு வாரம் பண்படுத்திய பின்னர் மீன் விடுக.
* புதுநீரை ஒருநாள் ஆறவைத்தே பயன்படுத்துக.
* வாரந்தோறும் நாலிலொரு பங்கு நீரை மாற்றுக. பஞ்சைத் தொட்டி நீரிலேயே கழுவுக.
* குஞ்சு நீந்தும் நாளில் உணவு ஆயத்தமாக இருக்கட்டும்.
* மருந்து படிந்த கையும் வாளியும் தொட்டியை அணுகாதிருக்கட்டும்.
* வேண்டாத மீனைக் குளத்தில் விடற்க.